மாமாவின் வாழைக்கொல்லையில் நீர்நாய்

அனுப்புநர்
வள்ளிக்கண்ணு, பி.எஸ்சி. விலங்கியல்,
தங்கள் தங்கை மகள்,
ஜெராக்ஸ் கடை மாடி, அம்மா மண்டபம் ரோடு,
ஸ்ரீரங்கம்.

பெறுநர்
உயர்திரு பெரியண்ணன் அவர்கள்,
தாய்மாமன் மற்றும் திருவிழாக் கமிட்டித் தலைவர்,
கொள்ளிடம் வடகரை.

பொருள்: ஆற்றோர வாழைக்கொல்லையின் தென்கோடியில் நீர்நாய் குடியிருக்கச் சம்மதக் கையெழுத்து வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: கடந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தாங்கள் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

நானும் ரோசரி மேடமும் இங்கு சுகமே இருக்கிறோம். அங்கு தாங்களும், அத்தையும், இரண்டு பசுக்களும், கன்றும் சுகமாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பெயரை முழுசாக எழுதியதற்கு மன்னிக்கவும். பெயர் இல்லாத மனு செல்லாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான். போனில் பேசலாம் என்றால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவைவிட்டு, 'எல்லாருக்கும் நன்றி' என்று ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு வெளியேறிவிட்டீர்கள். நேரில் வரலாம் என்றால், என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, மூன்று பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதி, நம் ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

முதலில் எங்கள் ஆபீஸ். கொள்ளிடத்து நீர்நாயைக் காப்பாற்ற ரோசரி மேடம் நடத்தும் சங்கம் இது. நீர்நாய் என்றால் நீங்கள் 'கீரிக்கு அண்ணன்' என்று சொல்வீர்களே, ஆற்றில் மீன் தின்னுமே, அதுதான். ஒரு மின்விசிறி, இரண்டு மேசை, மூன்று நாற்காலி. நாலாவது ஆள் வந்தால் நான் எழுந்து நின்றுகொள்வேன். வெளிநாட்டில் இருக்கும் ஒரு நிதியம் எங்களைப் போன்ற சின்னச் சங்கங்களுக்கு உதவி செய்கிறது. விண்ணப்பம் முழுவதும் கம்ப்யூட்டரில்தான். இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். உதவி கிடைத்தால் எனக்கு இரண்டு வருஷத்துக்கு வேலை. கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவேண்டியதுதான். ஊரில் அம்மா, துறையூர் மாப்பிள்ளையின் போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கையெழுத்தில் என்னென்னவெல்லாம் தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பதின்மூன்று கேள்விகளுக்கு மேடம் ஒரே வாரத்தில் பதில் எழுதிவிட்டார். பதினாலாவது கேள்வியில் ஒரு வரைபடம் விரிகிறது. உலகமே அதற்குள் இருக்கிறது. நீங்கள் எந்த இடத்தைக் காப்பாற்றப் போகிறீர்கள், எல்லையைக் குறிக்கவும் என்று கேட்கிறது. குறிக்காமல் பதினைந்தாவது கேள்விக்குப் போக முடியாது. மேடம் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீதானம்மா அந்த ஊர்க்காரி, நீயே வரைஞ்சிரு" என்று சொல்லிவிட்டார். முதலில் ஒரு சுலபமான வழி தெரிந்தது. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கட்டத்தில் போட்டால் வரைபடக் கருவி தானே போய் அந்த இடத்தில் நிற்கும். பத்து புள்ளி எண்பத்தேழு, எழுபத்தெட்டு புள்ளி அறுபத்தொன்பது என்று போட்டேன். எந்த எண் எந்தக் கட்டத்துக்கு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. டிகிரி முடித்த பிள்ளை இதைக்கூடக் கேட்கிறாளே என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா? ஆகையால் மாற்றிப் போட்டுவிட்டேன். கருவி ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பி, வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேக்காரர்களுக்குச் சொந்தமான ஒரு பனித்தீவில் போய் இறங்கி, 'இப்பகுதியில் காணப்படும் விலங்கு: வெள்ளைக் கரடி' என்று தகவலும் தந்தது. மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா வள்ளி, நீர்நாயக் காப்பாத்துன்னா, கூட்டிட்டுப்போய்க் கரடிகிட்ட விட்டுட்டு வந்திருக்கியே!"

சரி, கையாலேயே வரைந்துவிடலாம் என்று மவுஸைப் பிடித்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு புள்ளி விழும், புள்ளிகள் சேர்ந்து எல்லையாகும், இரண்டு தடவை சேர்த்து அழுத்தினால் 'எல்லை முடிந்தது' என்று அர்த்தம். எங்கள் ஆபீஸ் மவுஸுக்கு ஒரு வியாதி, நினைத்துக்கொண்டால் ஒரு அழுத்தலை இரண்டாக எடுத்துக்கொள்ளும். மூன்றாவது புள்ளியிலேயே நினைத்துக்கொண்டது. ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன், பாதித் திருவானைக்கோவில், சென்னை பைபாஸில் ஒரு துண்டு எல்லாம் நீர்நாய் சரணாலயமாகிவிட்டன. உடனே கருவி, 'இந்த எல்லைக்குள் ஏராளமான மக்கள் வசிக்கிறார்கள், இவர்களால் விலங்குகளுக்கு இடையூறு உண்டா?' என்று கேட்டது. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பரக்கத் அலி அண்ணன், காகிதக் கட்டு கொடுக்க வந்தவர், என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "உண்டுன்னு போடும்மா. வைகுண்ட ஏகாதசிக்கு வந்து பாத்தாங்கன்னா அவங்களே ஒத்துக்குவாங்க" என்றார். நான் போடவில்லை. அழித்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதில்தான், மாமா, நம் குடும்பத்துக்குச் சனி பிடித்தது. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையை நடந்தால் போதும், நடந்த வழியெல்லாம் நீலக் கோடாக விழும். என் திட்டம் எளிமையானது. கிழக்கே எல்லைக்கல்லில் தொடங்கி, ஆற்றோரமாக மேற்கே படித்துறைவரை போய், கரை மேலேறித் திரும்பி வந்து கல்லிலேயே முடிப்பது. நாணல் புதர் முழுவதும் அதற்குள் அடங்கும். ஒரு மணி நேர வேலை. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து ஊருக்கு வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நடக்க ஆரம்பித்தேன்.

ஆனால் நம் ஊரில் ஆளில்லாத பாதை ஏது? பத்தடி போவதற்குள் எதிரே மளிகைக்கடைச் சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் பார்த்தால் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். துறையூர்க் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் சட்டென்று பக்கத்துக் கொல்லைக்குள் நுழைந்துவிட்டேன். அது உங்கள் வாழைக்கொல்லை. சித்தப்பா யாருடனோ நின்று பேச ஆரம்பித்துவிட்டதால், நான் தென்கோடிவரை போய், நாணல் ஓரத்தில் அசையாமல் நின்றேன்.

அங்கேதான் அவை இருந்தன. ஒரு தாய், மூன்று குட்டிகள். உங்கள் கடைசி வரிசை வாழைக்கு நாலடி தள்ளி, கரை சரிந்திருக்கும் இடத்தில், வேர்களுக்கு அடியில் வளை. தாய் ஒரு கெண்டையைத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. குட்டிகள் வாலுக்குச் சண்டை போட்டன. ஒன்று மட்டும் சண்டைக்குப் போகாமல் ஓரமாக உட்கார்ந்து மற்ற இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆற்றங்கரையில் பத்து மாதமாகக் காலடித் தடத்தையும் எச்சத்தையும் தேடிக்கொண்டிருக்கும் மேடம் ஒரு குட்டியைக்கூடப் பார்த்ததில்லை. வாயைத் திறக்காமல் நிற்பது ஒன்றுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து நன்றாக வரும், அதற்குப் பிழைப்பில் ஒரு உபயோகம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நாலு போட்டோ எடுத்தேன். அவசரத்தில் இரண்டில் வாழை இலை மட்டும்தான் விழுந்தது.

அந்தச் சந்தோஷத்திலேயே திரும்பியிருக்கலாம். படித்துறைக்குப் போனால் அங்கே அம்மாவின் பெரியம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். கரை மேலே ஏறினால் ஒன்றுவிட்ட அண்ணன்கள் மூன்று பேர் பந்தல் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். வடக்கே வாய்க்கால் வழியாகத் திரும்பினேன், அங்கே சத்துணவு ஆயா. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போனேன், அங்கே என் பழைய கணக்கு சார். இப்படி ஒவ்வொருவரிடமிருந்தும் ஒதுங்கி ஒதுங்கி, மேற்கே போனவள் வடக்கே ஏறி, கிழக்கே திரும்பி, களத்து மேட்டைச் சுற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து எல்லைக்கல்லுக்கே வந்து சேர்ந்தேன். செல்போனைக் கல்லின்மேல் வைத்து 'முடிக்க' என்ற பொத்தானை அழுத்தினேன். வரைபடத்தைப் பார்த்தால் நீலக் கோடு நம் ஊரை முழுசாக ஒரு வட்டம் போட்டிருந்தது. அதில் உள்ள ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு சொந்தக்காரர் காரணம்.

கல்லுக்கு அந்தப் பக்கம் பூசாரி பிச்சமுத்து மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை.

"யாரு, பெரியண்ணன் தங்கச்சி மவளா? எங்கேருந்து வர்ற?"

"சுத்திட்டு வரேங்க."

"எதச் சுத்திட்டு?"

"ஊருங்க."

பயத்தில் எனக்குப் பொய் வராது, மாமா. பயமில்லாமல் இருந்தாலும் வராது. அவர் மஞ்சள் கையோடு எழுந்துவிட்டார். "வலமாவா, இடமாவா?" என்று கேட்டார். நான் செல்போனைக் காட்டினேன். நான் படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழில் வைத்திருந்தது என் தப்புதான். பூசாரி எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். "எல்லை… வெற்றிகரமாக… மூடப்பட்டது."

காப்புக் கட்டிய பிறகு ஊரை வலமாகச் சுற்றி வந்து எல்லைக்கல்லை யார் முதலில் தொடுகிறார்களோ, அவர்தான் அந்த வருஷம் எல்லை கட்டியவர், அவருக்குத்தான் முதல் மரியாதை என்பது எனக்கும் தெரியும். பதினோரு வருஷம் காத்திருந்து இந்த வருஷம்தான் உங்கள் முறை வந்தது என்பதும், அன்று சாயங்காலம் சுற்றுவதற்குப் புது வேட்டியை மடித்து வைத்திருந்தீர்கள் என்பதும் தெரியும். ஆனால் எந்த வழியாகச் சுற்றுவீர்கள் என்பதுதான் தெரியாது. ஆண்கள் நீங்கள் எல்லை சுற்றப் போகும்போதெல்லாம் பெண்பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவீர்கள். இருபத்துமூன்று வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேனே தவிர, பாதையைப் பார்த்ததில்லை. அடைத்து வைத்தவர்களுக்கும் இதில் கொஞ்சம் பொறுப்பு இருக்கிறது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிறகு கோயில் வாசலில் கூடிய பஞ்சாயத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "பொம்பளப் புள்ள சுத்துனதெல்லாம் கணக்குல வராதுய்யா!" என்று நீங்கள் கத்தினீர்கள். "கணக்கு நானா போட்டேன்? செல்லு போட்டிருக்கு. அதுகிட்ட கேளு" என்று பூசாரி சொன்னார். போன வருஷம் அவருடைய ஆட்டுக்கிடாயை உங்கள் கொல்லையிலிருந்து கல்லால் அடித்து விரட்டினீர்களே, அந்தக் கிடாய் அன்றைக்குப் பஞ்சாயத்தில் இல்லாவிட்டாலும் பூசாரியின் மனசில் நின்றுகொண்டிருந்தது என்று நான் நினைக்கிறேன். "அம்மனே ஒரு பொட்டப் புள்ளதான, அதுக்கு இன்னொரு பொட்டப் புள்ள எல்ல கட்டுனா குத்தமா?" என்று ஒரே கேள்வியில் கூட்டத்தை வளைத்துவிட்டார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சத்தம் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பேருக்கு முன்னால் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். உங்கள் தலைக்கு அளவெடுத்து வாங்கிய பட்டு. என் தலை சின்னது, அது மூக்குவரை இறங்கிவிட்டது. அது நல்லதாகப் போயிற்று, கூட்டம் தெரியவில்லை. கூட்டம் தெரியாததால்தான் மயங்கி விழவில்லை. பறைச் சத்தத்தையும் மீறி ஒரு குலவை கேட்டது. அது நம் வீட்டு ஜோதி அத்தை என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். அவர் குலவை போட்டதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் பட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது மட்டும்தான் தெரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை மேடமும் நானும் உட்கார்ந்து, நான் நடந்த வட்டத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து, பள்ளிக்கூடம், களத்து மேடு, கணக்கு சார் எல்லாரையும் வெளியே விட்டோம். கடைசியில் மிஞ்சியது ஆற்றங்கரை நாணலும் உங்கள் கொல்லையின் தென்கோடியும்தான். அந்த வளை இல்லாமல் எங்கள் விண்ணப்பத்துக்கு உயிர் இல்லை என்று மேடம் சொல்கிறார். கருவியும் விவரமானது. தனியார் நிலம் கலந்திருக்கிறது, நில உரிமையாளரின் சம்மதக் கையெழுத்தை இணைக்கவும் என்று பதினைந்தாவது கேள்வியில் நிற்கிறது. அத்தையிடம் போனில் சொல்லி உங்களிடம் கேட்கச் சொன்னேன். "சாமி மரியாதையையே வாங்கிட்டா, இனி எங் கையெழுத்து எதுக்கு? அம்மனையே போடச் சொல்லு" என்று நீங்கள் சொன்னதாக அத்தை சொன்னார். நீங்கள் சொன்ன மாதிரியே குரலை மாற்றிச் சொன்னார்.

நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, மாமா. கரையோரம் நாலு அடிக்கு நாணலை வெட்டக்கூடாது, அங்கே வாழைச் சருகு கொளுத்தக்கூடாது, அவ்வளவுதான். நீர்நாய் வாழைத்தார் தின்னாது. இதற்குப் பதிலாக நான் என்ன வேண்டுமானாலும் செய்கிறேன். பரிவட்டப் பட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், துவைத்துத் தேய்த்தது. செல்போனில் இருந்த அந்த நீல வட்டத்தை அழித்துவிட்டேன். நான் ஊரைச் சுற்றவேயில்லை, வழி தெரியாமல் அலைந்தேன் என்று பூசாரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வாயால் சொல்ல மட்டும் சொல்லாதீர்கள். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிறவள் என்று எனக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க நீங்கள் மூன்று நாள் தாலுகா ஆபீஸுக்கு நடந்தீர்கள். மூன்றாம் நாள் அந்த அதிகாரி, "புள்ள என்னய்யா படிக்கப் போவுது?" என்று கேட்டதற்கு, "மிருகத்தப் பத்திங்க. எங்க வீட்டுல எல்லாத்தையும் பாத்து வளந்த புள்ள, சுலபமா இருக்கும்" என்று சொன்னீர்கள். அந்த மூன்று நாள் நடை வீணாகாமல் இருக்க ஒரே ஒரு கையெழுத்துப் போதும். உங்களைத் தவிர எனக்கு வேறு கதி இல்லை.

அத்தைக்கு என் அன்பையும், பசுக்களுக்கு என் விசாரிப்பையும் சொல்லவும். தங்கள் காலில் விழுந்து கும்பிட்டதாக எடுத்துக்கொண்டு, அட்சதை போட முடியாவிட்டாலும் முறைக்காமல் இருந்து ஆசீர்வதிக்கும்படி வேண்டுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
வள்ளிக்கண்ணு

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து, வியாழன் மாலை இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியிருக்கும் எதையும் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். விண்ணப்பம் இன்று மூன்றரை மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. சம்மதக் கடிதத்தில் சர்வே நம்பர் போடவேண்டும் என்று பரக்கத் அலி அண்ணனிடம் பட்டா எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, பெரியண்ணன் மனைவி ஜோதின்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். அத்தைக்குப் போன் செய்தேன். "எங்கப்பா எனக்குக் குடுத்த கொல்லைடி அது. முப்பது வருசமா 'என் கொல்ல, என் கொல்ல'ன்னு உங்க மாமா சொல்றாரு, சொல்லிட்டுப் போவட்டும்னு நானும் விட்டுட்டேன். இரு, பஸ்ஸு ஏறுறேன்" என்றார். ஒரு மணி நேரத்தில் டோல்கேட் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். எங்கள் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். நாலு அடி போதாது, குட்டிங்க ஓடியாட வேண்டாமா என்று பத்து அடியாக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உறையிலிருந்த பட்டையும் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டார், ஆகையால் அதைத் தேடவேண்டாம். பதினாறாவது கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. இந்த நிலத்தைப் பயன்படுத்தும் பிற நபர்கள், கால்நடைகள் யாவை என்று. 'இரண்டு பசு, ஒரு கன்று' என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அத்தை எட்டிப் பார்த்தார்.

"உங்க மாமா பேரையும் சேத்துக்கடி, பாவம். தெனம் வந்து போறாருல்ல."

சேர்த்துவிட்டேன், மாமா. கன்றுக்கு அடுத்த வரியில்.